வேண்டுமென்றே திரைய வைத்த பால்

உடைந்த தாடை பொருந்துவதற்காக மகளின் பற்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பியை வெட்டி எடுத்த அன்று, வைத்தியர் தன் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். அடுத்த முறை வரும்போது வாய் இவ்வளவு திறக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். மயக்க மருந்து கொடுத்துத்தான் திறக்க வேண்டிவரும். அடுத்த முறைக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. மென்மையானதைச் சாப்பிடத் தொடங்கட்டும், அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றும் சொன்னார்.

இரண்டு கிழமை போயும் அவள் ஸ்ட்ரோவை விடவில்லை. ஆறு கிழமை பல்லிடுக்கால் உறிஞ்சிக் குடித்தவள், வாயைத் திறந்தால் தாடை மறுபடி உடைந்துவிடும் என்று பயந்தாள். பயம் என்று சொல்லமாட்டாள். இருபத்திரண்டு வயது. "லேட்டர்" என்பாள். மனைவி குழைய விட்ட சோறு, கடைந்த பருப்பு, அவித்து மசித்த பூசணி எல்லாம் கடைசியில் அரைக்கும் மெஷினுக்குள் போய், தண்ணீராகிக் கோப்பையில் வந்தன.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பக்கத்து ஊரான விட்பியில் மனைவியின் சித்தி மகள் புதிதாக வாங்கிய வீட்டில் ஒரு பிறந்தநாள். புறப்படும்போது மிஞ்சிய ஆட்டிறைச்சிக் கறியை மூடி போட்ட எவர்சில்வர் சட்டியில் தந்துவிட்டார்கள். மனைவி வேலைக்குப் போயிருந்ததால் நானும் மகளும்தான். மகள் முன் சீற்றில் ஏறி, சட்டியைக் காலடியில் வைத்தாள். எடுக்கச் சொன்னேன். சப்பாத்துக் கால் வைக்கிற இடத்தில் சாப்பாட்டை வைக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொள் என்றேன். அவள் கண்ணை உருட்டிவிட்டு மடியில் தூக்கி வைத்தாள். இருபது நிமிடம் கழித்து, ஒரு சந்தியில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் வந்த வாகனம் எங்கள் முன்பக்கத்தில் மோதியது. காற்றுப்பை விரிந்து சட்டியை மேலே தள்ளியது. சட்டியின் விளிம்பு அவள் தாடையில் பட்டது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை.

பிழை மற்ற வாகனத்தினுடையது என்று பொலிஸ் எழுதியது. சட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மகளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் மின்தூக்கிகளைப் பரிசோதிப்பவன். கதவு எத்தனை மில்லிமீற்றர் விலகினால் ஆபத்து என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். விபத்துக்குப் பிறகு கார் ஓட்டுவதை விட்டு, பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் கொட்டாவி விடும்போது வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தேன். ஒரு விரலுக்குச் சற்றுக் கூட. ஒருநாள் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, ஸ்டாப் வாட்சிங் மை மௌத்."

அதற்குப் பிறகு யன்னல் கண்ணாடியில் தெரியும் அவள் உருவத்தைப் பார்த்தேன்.

மூன்றாம் கிழமை தொடங்கியபோது, உனக்கு என்னதான் சாப்பிட விருப்பம் என்று மனைவி சலித்துப் போய்க் கேட்டாள். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு "சந்தேஷ்" என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு ஒரு பெங்காலித் தோழி உண்டு. வீடு வெக்ஸ்போர்ட்டில். பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவாள். தோழியின் தாய் பாலைத் திரைய வைத்து, வெல்லம் சேர்த்துச் செய்யும் அந்த இனிப்பு நாக்கில் வைத்ததும் கரைந்துவிடுமாம், பல்லே தேவையில்லையாம்.

அடுத்த நாளே டான்போர்த் பக்கம் இருக்கும் ஒரு பெங்காலிக் கடைக்குப் போனேன். சங்கு வடிவில் அச்சில் வார்த்த சந்தேஷ் ஒரு பெட்டி வாங்கினேன். பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழியில்தான் பெட்டியை மடியில் வைத்திருப்பதைக் கவனித்தேன். பக்கத்து சீற் காலியாகத்தான் இருந்தது.

மகள் ஒரு சங்கை எடுத்து விரலால் அமத்திப் பார்த்தாள். அது அமங்கவில்லை.

"உது இல்லை அப்பா. அன்ரியின்ர சோஃப்டா இருக்கும். இது சோப் மாதிரி."

மகள் அன்ரி என்று சொல்லும் அந்தத் தோழியின் தாய் அப்போது டாக்காவில் தன் தமையன் வீட்டில் நின்றார். தோழியிடம் இலக்கம் வாங்கிப் பேசினேன். இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். இருவரும் அதை வேறு வேறு விதமாகப் பேசுகிறவர்கள். பாலைக் கொதிக்க வைத்து இறக்கி, தேசிக்காய்ப் புளியை, அதுதான் எலுமிச்சைச் சாற்றை, விட்டு, தண்ணீர் இளம்பச்சையாய்த் தெளியும்வரை பொறுக்க வேண்டும். வரும் கட்டியைத் துணியில் வடித்து, உள்ளங்கையால் தேய்த்து, வெல்லத்துடன் சிறு நெருப்பில் கிளற வேண்டும். துணியைப் பிழியும்போது கவனம் என்றார். ஈரம் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் வீடுகளில் பால் திரைந்தால் அபசகுனம், வெளியே சொல்லாமல் ஊற்றிவிடுவோம் என்றேன். அவர் சிரித்தார். தங்கள் வீட்டில் பால் கெட்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்றார். மகள் எப்படி என்று கேட்டார். நன்றாயிருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் சொன்ன பேரீச்சை வெல்லம் எனக்குக் கிடைக்கவில்லை. அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்களின் கடையில் பனை வெல்லம், எங்கள் பனங்கட்டி, இருந்தது. கடைக்காரர் பனங்கட்டி அடைத்த சின்ன ஓலைக் குட்டான் ஒன்றைக் கையில் எடுத்து, "தேத்தண்ணிக்கோ அண்ணை?" என்றார். இல்லை, ஒரு பெங்காலி இனிப்புக்கு என்றேன்.

"பெங்காலிக்கு எங்கட பனங்கட்டியோ?" என்றவர், இன்னொரு குட்டானை எடுத்து வைத்தார். "அப்ப ரெண்டாக் கொண்டு போங்கோ. முதல் தரம் பிழையாத்தான் போகும்."

சனிக்கிழமை பின்னேரம் ஒரு பை பாலை வெட்டிச் சட்டியில் ஊற்றினேன். பொங்கி வந்ததும் நெருப்பை அணைத்துவிட்டு, தேசிக்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

நினைவில் வந்தது இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த காலை. அன்று மனைவி இதே அடுப்பில் பால் காய்ச்சினாள். பொங்க வேண்டிய பால் திரைந்து போனது. அவசரத்தில் பழைய பையை எடுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் சிங்கில் ஊற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டு, புதுப் பால் வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வந்தேன். அது நன்றாகப் பொங்கியது. வந்தவர்கள் குடித்தார்கள். முதல் பாலைப் பற்றி நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஒருவரோடொருவரும் பேசவில்லை. பதினொரு வருடம்.

புளியைத் துளித்துளியாக விட்டேன். பால் திரையவுமில்லை, திரையாமலுமில்லை. மேலே மணல் மாதிரி ஏதோ மிதந்தது. அப்போது பராமரிப்பு நிலையத்தில் வேலை முடித்து மனைவி உள்ளே வந்தாள். வேலைச் சட்டையோடே அடுப்படிக்கு வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

சொன்னேன்.

"வேணுமெண்டோ?"

"ஓம்."

அவள் என் கையிலிருந்த தேசிக்காயைப் பார்த்தாள். "இந்த வீட்டில ஒருக்காத் திரைஞ்சது போதாதோ?" என்றாள்.

அவளும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விபத்தன்று ஆஸ்பத்திரியின் நீலக் கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அந்த இரவு முழுவதும் அவள் எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதும். நான் நினைத்துக்கொண்டிருந்தது சட்டியை.

"அண்டைக்குக் கறிச் சட்டியை அவள் கீழதான் வச்சவள்," என்றேன். "மடியில வையெண்டு சொன்னது நான்."

மனைவி சிங்குக்குப் போனாள். கையைக் கழுவித் துடைத்தாள்.

"அவள் எனக்கு ஆஸ்பத்திரியிலயே எழுதிக் காட்டினவள்," என்றாள். "உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் எழுதினவள்."

பிறகு என் கையிலிருந்த தேசிக்காயை வாங்கி, ஒரேயடியாகப் பிழிந்தாள். பால் வெட்டுப்பட்டது. கீழே பச்சைத் தண்ணீர் தெளிந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. அது என் கைகள் செய்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் பிழிவது என் வேலை. ஏழு பேருக்கு ஒரு தேங்காய். பிழிந்து வைத்த தேங்காய்ப்பூவை அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். இனிப்பு மிஞ்சியிருந்தால், "இன்னும் பால் கிடக்கு" என்று திருப்பித் தருவார். பூ உமி மாதிரி ஆகும்வரை விடமாட்டார். கனடாவுக்கு வந்த புதிதில் ஆறு பேராக ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தபோதும் பால் பிழிவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே, பழைய வேட்டித் துண்டில் கட்டிய பால்கட்டி கைக்கு வந்ததும், டாக்காவிலிருந்து வந்த புத்திமதி ஞாபகத்தில் நிற்கவில்லை. முறுக்கினேன். தண்ணீர் நின்ற பிறகும் முறுக்கினேன். துணியை விரித்தபோது உள்ளே வெள்ளையாய், வறண்ட தூள் இருந்தது. உள்ளங்கையால் தேய்த்தும் ஒட்டவில்லை. கரைத்த பனங்கட்டிப் பாகை ஊற்றிக் கிளறினேன். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிந்து நின்றது.

மனைவி அகப்பையால் கிண்டிப் பார்த்தாள். "புட்டு மாதிரிக் கிடக்கு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப புட்டு மாதிரியே அவியுங்கோவன்."

வேறு வழி இல்லை. அரைக் கோப்பைப் பால் தெளித்துப் பிசறி, புட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீத்துப்பெட்டிக்குள் கொட்டினேன். அவள் மேலே கொஞ்சம் ஏலக்காய்த் தூள் தூவி, பானை வாயில் வைத்து மூடினாள். கால் மணித்தியாலத்தில் பனங்கட்டி மணம் மாடிவரை போயிருக்க வேண்டும். மகள் கீழே இறங்கி வந்தாள்.

தட்டில் கவிழ்த்தபோது நீத்துப்பெட்டியின் கூம்பு அப்படியே நின்றது. ஆவி பிடித்துத் தூள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமாக இருந்தது. விரல் பட்டால் உதிர்ந்தது. மகள் சுற்றிவந்து பார்த்தாள்.

"வட் இஸ் திஸ்?"

"சந்தேஷ்," என்றேன்.

"அப்பா. இது புட்டு."

"பெங்காலிப் புட்டு," என்றாள் மனைவி.

மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் சிரித்தாள். சிரிக்கும்போது தாடையை அப்படிப் பிடித்துக்கொள்வது அவள் பழக்கமாகியிருந்தது. பிறகு ஒரு தேநீர்க் கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் நிண்டா நான் சாப்பிடமாட்டன்."

நான் கராஜுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு வாங்கிய கார் அங்கே நின்றது. மனைவி மட்டும்தான் ஓட்டுகிறாள். அதன் பக்கத்தில் நின்று கதவுக்கு இந்தப்புறமிருந்து கேட்டேன். கரண்டி தட்டில் ஒருமுறை பட்டது. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி பட்டது. பிறகு தொடர்ந்து, அவசரமில்லாமல், பட்டுக்கொண்டிருந்தது. நான் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் சரி.

உள்ளே போனபோது கூம்பின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. "அன்ரி இதைப் பாத்தா அழுவா," என்றாள் மகள். அதையும் பக்கத்தில் கிடந்த நீத்துப்பெட்டியையும் அலைபேசியில் படம் எடுத்து அன்ரிக்கு அனுப்பினாள். டாக்காவில் அப்போது விடியப்புறம். காலையில் அன்ரியிடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: கூடையை எங்கே வாங்கலாம்?

அந்தக் கிழமை மூன்று முறை செய்தேன். இரண்டாம் தடவை குறைவாகப் பிழிந்தேன். மகளுக்குப் பிடிக்கவில்லை, முதல் தடவை மாதிரியே வேண்டும் என்றாள். கரண்டி தேநீர்க் கரண்டியிலிருந்து சாப்பாட்டுக் கரண்டியானது. கிழமை முடிவில் வைத்தியர் இரண்டு விரலை நிமிர்த்தி அவள் பற்களுக்கிடையே வைத்தபோது, அவை நுழைந்தன. இடம் மிஞ்சவில்லை. போதும் என்றார், இன்னும் பழகட்டும் என்றார்.

அன்ரி திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் ஒரு டப்பாவில் அந்தப் புட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு வெக்ஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும் என்றாள். மனைவி இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தாள். நான் சாவியை எடுத்தேன். மகள் பின் சீற்றில் ஏறுவாள் என்று நினைத்தேன். முன்னால் ஏறினாள். சீற் பட்டியைப் போட்டாள். பிறகு குனிந்து, டப்பாவைக் காலடியில், இரண்டு சப்பாத்துக்கும் நடுவில் வைத்து, காலால் மெல்ல அணைத்துக்கொண்டாள். நிமிர்ந்து நேரே றோட்டைப் பார்த்தாள்.

நான் கண்ணாடியைச் சரிசெய்து, காரைப் பின்னால் எடுத்தேன்.