கவிழ்த்து வைத்த கோப்பை

கூட வேலை செய்பவள் ஏலக்காய் போட்டுக் கோப்பி காய்ச்சினாள். அந்த மணம் என்னை எண்பதுகளின் விபோர்க் அகதி முகாமுக்குக் கொண்டுபோனது.

பெய்ரூத்திலிருந்து வந்த ஆர்மேனிய அன்ரியும் நாங்களும் அங்கே ஒரே அடுப்படியில் சமைத்தோம். போருக்குள் தங்கிவிட்ட மகனிடமிருந்து அவவுக்கு மாதக்கணக்காகக் கடிதமில்லை. ஒருநாள் தன் ஏலக்காய்க் கோப்பியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்தா.

"பிள்ளை, அன்ரியின்ர கோப்பையைக் கழுவி வை," என்றா அம்மா. நான் பளிச்சென்று கழுவினேன்.

அன்ரி வெறுங்கோப்பையை நிமிர்த்திப் பார்த்தபடி நின்றா. கோப்பி மண்டி படிந்த கோலத்தில் குறி பார்த்து, மகனின் சேதி அறியத்தான் கவிழ்த்து வைத்தாவாம்.

மறுநாள் அம்மா தானே கோப்பி காய்ச்சிக் கொடுத்தா. அன்ரி குடித்தா, கோப்பையைக் கவிழ்க்கவில்லை. பிறகும் கவிழ்க்கவேயில்லை.

இன்று கூட வேலை செய்பவளின் கோப்பையோடு தொட்டியடியில் நின்று, இத்தனை வருஷம் பிந்தி, அவளிடம் கேட்கிறேன்: "கழுவலாமா?"