நனைந்த பெடலுக்கு ஒரு ஷூ

1. மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, ஏரிக்குப் பின்னால் இருக்கும் பாறைச் சரிவில் சைக்கிளில் இறங்கினேன்.

2. பாதிச் சரிவில் வலது கால் பெடலிலிருந்து வழுக்கியது.

3. சுழன்று வந்த பெடல், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் அடித்தது. பிடிப்புக்காகப் பெடலில் திருகியிருக்கும் சின்ன ஆணிகள் தோலைக் கிழித்துவிட்டன.

4. செங்கல்பட்டில் ஒரு கிளினிக்கில் தையல் போட்டார்கள்.

5. அம்மா அழவில்லை, கத்தவுமில்லை. "இன்னொரு தடவ தையல் போட்டுகினு வந்தேன்னு வை, மழைல சைக்கிள் எடுக்கிறது அதோட நிக்கணும்" என்றாள்.

6. நான் சரி என்றேன்.

ஐந்தாவது சொல்லப்பட்டபோது கால் மரத்திருந்தது; ஆறாவதன் கனம் மரப்பு விட்ட பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கம் மழையில் ஓட்டுவதை விட்டால் சைக்கிளையே விட்ட மாதிரிதான். மாசி முடிந்ததும் ஏரிக்கரை மண் மாவாகிவிடும். சித்திரையில் காலை எட்டு மணிக்கே கைப்பிடி சுடும். வானம் மூடிக்கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்தப் பாறைகளும் கரைகளும் ஓட்டுவதற்கு ஏற்றபடி இருக்கும். அந்த மாதங்களுக்காகத்தான் மலைப்பாதைச் சைக்கிளே வாங்கினேன். இன்னொரு தையல் விழக்கூடாது என்றால் இன்னொரு தடவை கால் வழுக்கக்கூடாது. அன்று போட்டிருந்தது பழைய ஓட்டப்பந்தய ஷூ. அதன் அடிப்பாகம் காய்ந்த தார் ரோட்டுக்காகச் செய்தது. எனவே ஷூவிலிருந்து ஆரம்பித்தேன்.

நான் வாகனங்களுக்கு ரப்பர் பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ரப்பர் எவ்வளவு மெது, எவ்வளவு கடினம் என்று பார்ப்பது தினசரி வேலை. பெடல் ஆணி அடிரப்பரில் கொஞ்சம் புதைய வேண்டும். அதற்கு ரப்பர் மெதுவாக இருக்க வேண்டும். மலையேறும் ஷூவில் இருப்பதுபோல் ஆழமான பள்ளங்கள் இருந்தால் ஆணிக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. அடி தட்டையாக, ஆழமில்லாத சின்னச் சின்னக் கட்டங்களோடு இருப்பது நல்லது. மேல்பாகம் தண்ணீர் குடிக்காத துணியாக இருக்க வேண்டும். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வரவும் வழி வேண்டும். மழைக்காலத்தில் எதுவும் காயாத ஊரில் இது சின்ன விஷயமில்லை. இத்தனையும் யோசித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷூ கடைக்குப் போனேன்.

"வாக்கிங்கா, ரன்னிங்கா மேடம்?"

"சைக்கிள். மழைல."

கடைக்காரர் என் கால்கட்டைப் பார்த்தார். நான்கு பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். மூன்றில் நகத்தின் தடமே விழவில்லை. நான்காவதில் லேசாக விழுந்தது.

"இதுல கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாக்கலாமா?"

"வாங்கிட்டு ஊத்துங்க மேடம். யாரும் கேக்க மாட்டாங்க."

வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து இணையத்தில் இரண்டு ஜோடி தருவித்தேன்.

முதல் ஜோடியின் அடிரப்பர் அழிப்பான் மாதிரி இருந்தது. கணுக்காலைச் சுற்றித் தடித்த பஞ்சு, நீளமான கயிறு. இரண்டாவது மெலிசான வலைத்துணி. பக்கவாட்டில் தண்ணீர் வடிய ஓட்டைகள். கயிற்றுக்குப் பதில் ஒட்டும் பட்டை. அதன் அடிரப்பர் கொஞ்சம் கடினம். மொட்டைமாடியில் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பெடலில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு ஜோடியையும் போட்டு ஏறி நின்று காலை முறுக்கிப் பார்த்தேன். முதலாவது நகரவே இல்லை. இரண்டாவது பலமாக முறுக்கினால் நகர்ந்தது. பிறகு இரண்டையும் வாளியில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டேன். வலைத்துணி மறுநாளே காய்ந்துவிட்டது. பஞ்சு ஷூ அந்த வாரம் முழுக்க ஈரமாகவே இருந்தது. அம்மா அதற்குள் செய்தித்தாளைத் திணித்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு வரும் இடத்தில் வைத்தாள். பிறகு அவளே வெளியே எடுத்துப் போட்டாள்.

"இன்னா நாத்தம் இது. எலி செத்துகீதோன்னு ஃபிரிட்ஜையே நவுத்திப் பாத்தேன்."

"காஞ்சா சரியாயிடும்மா."

"எப்போ, பங்குனிலயா?"

ஆனால் எனக்கு அடிபட்டது ஈரத்தாலா, பிடிப்பில்லாததாலா? பிடிப்பில்லாததால். ஆகவே நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதல் ஜோடியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவதை நனைத்துவிட்டதால் திருப்பி அனுப்ப வழியில்லை. அலமாரி மேல் போட்டேன்.

தையல் பிரித்து, தோல் மூடிய பிறகு மறுபடி கிளம்பினேன். என்னோடு ஓட்டுகிறவள் ஒருத்திதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவள், எங்கள் தொழிற்சாலையிலேயே பேக்கிங்கில் இருக்கிறாள். நான் செங்கல்பட்டிலிருந்து கிழக்கே வருவேன், அவள் கடற்கரையிலிருந்து மேற்கே வருவாள்; நடுவில் அந்த ஏரியில் சந்திப்போம். பின்வார் வைத்த ரப்பர் செருப்பில்தான் ஓட்டுவாள். அவள் பெடலில் ஆணி கிடையாது. பாறை வந்தால் இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவாள். அதில் அவளுக்கு எந்த வெட்கமும் இல்லை.

என் ஷூவை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். "இன்னாடி இது, ரெண்டு கால்லயும் தலாணி கட்டிகினு வந்துகீறே?"

"பிடிப்ப பாரு மொதல்ல."

"புடிப்பு இருக்கட்டும். தூக்கி நடக்க முடிதா?"

அன்று ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. நான் விழுந்த நாளில் ஏரி அவ்வளவு ஏறியிருக்கவில்லை; கலங்கல் போகும் நாளில் அதற்கு முன் இந்தப் பக்கம் வந்ததுமில்லை. இதனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. மதகுக்குப் பக்கத்தில் கரைமேல் ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. மற்ற நாளில் அதன் எதிரே யாரும் எப்படியும் போகலாம், மாட்டு வண்டியே போகும். கலங்கல் போகும் நாட்களில் மட்டும் கோயிலிலிருந்து கலங்கல் வரை யாரும் செருப்போடு நடப்பதில்லை, வண்டியிலும் ஏறிப் போவதில்லை. கலங்கலில் வலை வீசிக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"பாப்பா, எறங்கிக்கோ. ஷூவக் கழட்டிட்டுத் தள்ளிகினு போ. ஆத்தா தண்ணி வுடற நேரம்."

தோழி நின்ற இடத்திலேயே பின்வாரை ஒரே இழுப்பில் இறக்கிச் செருப்பைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டாள். அவள் வீட்டில் படகில் கால் வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிப் பழக்கம். நான் கரைச் சேற்றில் ஒற்றைக் காலில் நின்றபடி, ஈரத்தில் ஊறி இறுகிய இரட்டை முடிச்சை நகத்தால் நோண்டினேன். வலை வீசியவர் ஒருமுறை வீசி இழுத்து மீனை எடுத்துப் பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் அவுரலயா?"

"அவுந்துகினே கீதுண்ணே" என்று எனக்காகத் தோழி பதில் சொன்னாள்.

கழற்றினேன். வெறுங்காலோடு தள்ளிப்போனேன். கலங்கலைத் தாண்டியதும் திரும்பப் போட வேண்டும், போட்டால்தான் பாறை. சாக்ஸ் முழுக்கச் சேறு. ஷூவின் பஞ்சுக்குள் மழை இறங்கியிருந்தது. காலை உள்ளே நுழைத்தபோது மணலும் தண்ணீரும் கூழாகப் பிதுங்கின. முடிந்தவரை இறுக்கிக் கட்டினேன்.

பாறை உச்சியில் நின்று பெடலில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. அடிரப்பர் ஆணியைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. அதற்குள்ளே என் கால் நீந்தியது. குதிகால் ஒரு பக்கம் போனது, விரல்கள் இன்னொரு பக்கம். பெடலுக்கும் ஷூவுக்கும் நடுவே உள்ள பிடிப்பை மட்டும்தான் நான் சோதித்திருந்தேன். ஷூவுக்கும் காலுக்கும் நடுவே ஒரு பிடிப்பு வேண்டும் என்பது என் கணக்கிலேயே இல்லை. மொட்டைமாடியில் காய்ந்த சாக்ஸோடு ஏறி நின்றவளுக்கு அது எப்படித் தெரியும். இரண்டு முழம் கூட இறங்கியிருக்க மாட்டேன், பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டேன்.

தோழி கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வரியா, நான் நாஸ்தா துன்னுட்டு வரட்டா?"

"தள்ளிகினு வரேன் இரு."

அடுத்த சனிக்கிழமை வலைத்துணி ஜோடியை அலமாரியிலிருந்து எடுத்தேன். சாக்ஸ் போடவில்லை. பெடல் ஆணிகளில் பாதியைக் கொஞ்சம் நீளமானவையாக மாற்றினேன், கடினமான ரப்பருக்கு ஈடாக இருக்கட்டும் என்று. அம்மா ஆணியின் நீளத்தை விரலால் அளந்து பார்த்தாள்.

"ஷூ ஷூன்னு மாசமெல்லாம் அலஞ்சியே. அடி பட்டது பாதத்துலயா? இங்க." கீழே குனிந்து என் தழும்பில் விரலை வைத்தாள். "இதுக்கு இன்னா வாங்கினே?"

ஒன்றும் வாங்கவில்லை. அன்று மாலையே போய், கால்பந்து ஆடுகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. மறுநாள் காலை போகலாம் என்றாள்.

கலங்கல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. கோயிலெதிரே பட்டையைப் பிரித்து ஷூவைக் கழற்றினேன். வலை வீசுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுபக்கம் வந்து கலங்கல் தண்ணீரில் காலையும் ஷூவையும் அலசினேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்ததும் போட்டுப் பட்டையை இழுத்து ஒட்டினேன். கால் உள்ளே அசையவில்லை.

பாறையின் மேல் பாதி நல்லபடியாகப் போனது. ஒரு இடத்தில் வலது ஷூ ஆணிமேல் லேசாக நகர்ந்தது. ஆனால் காலும் சேர்ந்து நகர்ந்ததால் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது, திருத்திக்கொண்டேன். கீழ்ப் பாதியில் ஊற்றுக் கசிந்து பாசி பிடித்திருந்தது. அங்கே முன்சக்கரம் விலகியது, இடது கால் பெடலை விட்டது. பெடல் சுழன்று வந்து காப்பில் மோதியது. காலைப் பாறையில் ஊன்றினேன். அடிரப்பர் பாசியில் அரையடி சறுக்கி நின்றது. நானும் நின்றேன். சைக்கிள் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.

"ரத்தமா?" என்றாள் தோழி.

"இல்ல."

"அப்ப எழுந்து வா, பசிக்குது."

அவள் வீட்டுக்குப் போனோம். மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வலை காயும் இடத்துக்கு வெளியே ஷூவை விட்டேன். கவளை மீனைக் கூடையில் பிரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா என் ஷூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியே பார்த்தார்.

"யம்மா, இன்னாது இது, டப்பு குடுத்து ஓட்ட ஷூவா வாங்கினே?"

"தண்ணி போறதுக்கும்மா."

"வரதுக்கும் அதே வழிதானே?"

சாப்பிட்டு முடிப்பதற்குள் கடற்காற்றில் ஷூ காய்ந்துவிட்டது. ஆனால் வலைத்துணியின் கண்ணெல்லாம் மணல் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. உப்புக்காற்றில் புது ஆணிகளில் துரு வரத் தொடங்கியிருந்தது. அம்மா வாசலில் காப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு காலையும் பார்த்தாள். இடது காப்பில் ஆழமான கீறல் இருந்தது. கால் சுத்தமாக இருந்தது.

"சரி" என்றாள்.

இப்போது நிலைமை இது. மழையில் ஓட்டுகிறேன், காப்போடு. வலைத்துணி ஷூதான் போடுகிறேன். முதல் ஜோடி அளவுக்கு மெதுவான அடிரப்பரோடு, இதைப்போல் சீக்கிரம் காயும் ஷூ இன்னும் கிடைக்கவில்லை. பாறையின் மேல் பாதியை ஓட்டி இறங்குகிறேன். கீழ்ப் பாதியில் ஊற்று வற்றாதவரை இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.