இஸ்திரி போட்ட டாலர்

தொண்ணூறுகளில் சென்னையில், பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். புது மெஷின் பூட்ட வந்த ஆஸ்திரேலிய இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பிய ஒரு வாரம் கழித்து, அவர் ஞாபகார்த்தமாகக் கொடுத்தது என்று எங்கள் போர்மேன் ஓர் ஐந்து டாலர் நோட்டைக் காட்டினார். பிளாஸ்டிக் நோட்டு!

கேண்டீனில் அது பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. நம்ம நூறு ரூபாயை வெளிச்சத்தில் பிடித்தால் சிங்கம் தெரியும், தடவினால் மொரமொரவென்று இருக்கும். இதுவோ வழவழவென்று, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி சன்னலோடு இருந்தது.

“சன்னல் வச்ச நோட்டு எந்த ஊர்ல கீது மாமே? கள்ள நோட்ட தலைல கட்டிட்டுப் பூட்டான் வெள்ளக்காரன்” என்றான் பக்கத்து லேத்துக்காரன்.

போர்மேனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்த சன்னல ஜெராக்ஸ் எட்றா பாப்போம்! அதுக்குத்தான் வச்சிகிறான்.”

இழுத்துப் பார்த்தோம், கிழியவில்லை. டீயில் முக்கினோம், துடைத்தால் புதுசு.

வீட்டில் காட்ட ஒரே ஒரு நாள் கேட்டேன். யாருக்கும் தராதவர் எனக்குத் தந்தார். “பத்திரம்டா. ஒண்ணுதான் கீது.” எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சம்பள நாள்; சம்பளத்தோடு டாலரையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆவடியில் இறங்கி வீடு சேர்வதற்குள் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டேன். நம்ம நோட்டெல்லாம் பருத்தி ஆயிற்றே, தண்ணீரைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மழைக்காலச் சம்பளத்தைப் பிரித்து, மேலே பழைய வேட்டியை விரித்து இஸ்திரி போடுவது என் மனைவியின் வழக்கம். நான் தலை துவட்டிவிட்டு வருவதற்குள் டாலருக்கும் போட்டுவிட்டாள். வேட்டியைத் தூக்கினால், பஸ் டிக்கெட் அளவுக்குச் சுருண்டு ஓர் அப்பளம்.

“சூடு தாங்காததெல்லாம் ஒரு நோட்டாய்யா?” என்று என்னிடமே கேட்டாள்.

என்னை நம்பிக் கொடுத்த மனுஷன் முகத்தில் இனி எப்படி முழிப்பேன்?

மறுநாள் காலை போர்மேன் முன்னால் அப்பளத்தை நீட்டினேன். அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடையாள அட்டையின் உறைக்குள் விரலை விட்டு, அதே மாதிரி சுருண்ட இன்னொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“ரெண்டு குடுத்தான்டா. மொதல் நோட்டு சட்டைப் பாக்கெட்டோட தொவைக்கப் பூட்ச்சி. என் ஊட்டுக்காரி இஸ்திரி போட்டுட்டா.”

“மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே!” என்று கத்தியேவிட்டேன்.

“எங்கடா சொல்றது? எங்க ஊட்ல மட்டும்தான் இப்டின்னு இத்தினி நாளா மானம் போய்க்கினு இருந்துது” என்றவர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.