ஏறுகிற சுமை

எங்கள் கொல்லிமலையில் வண்டியில் சுமை கட்டினவர்தான் அதற்குப் பின்னாலேயே போக வேண்டும். மரவள்ளிக் கிழங்கோ, பலாப்பழமோ, கட்டினவர் தன் மொபெட்டில் அடிவாரம் வரை கயிற்றைப் பார்த்துக்கொண்டே இறங்குவார். அவர் போட்ட கட்டை வேறொருவர் தொட்டுப் பார்ப்பது அவரை முகத்துக்கு நேராகத் திட்டுவதற்குச் சமம். செம்மேட்டுச் சந்தையில் என் மாமனார் கட்டிய வண்டிகளிலிருந்து ஒரு மிளகு மூட்டைகூட விழுந்ததில்லை. அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு நினைவுபடுத்திவிடுவார்.

போன வருடம் மழைக்காலத்தில் அடிவாரத்தில் ஒருவரிடம் பழைய ஏ.டி.வி. ஒன்று வாங்கினேன். கரடுமுரடான மண்ணில் ஓடுகிற நாலு சக்கர பைக். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் தோட்டத்து மேட்டில் ஓட்டுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதை ஏற்றிவர என் ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மாமனார் மொபெட்டில் வந்தார். ஜீப்பில் ஏறினாலே வாந்தி வரும் என்பதால் என் மனைவி அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

விற்றவர் விவரமானவர். வண்டியோடு, பிடியை ஆட்டி இறுக்குகிற நாலு ராட்செட் பெல்ட்டையும் கொடுத்தார். "ஷாக்கப்சரை நல்லா அமுக்கி, நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டுங்க. கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக்கும் போட்டுருங்க. கொஞ்ச தூரம் போயிட்டு நிறுத்தி, மறுபடியும் ஒரு தரம் இறுக்கிக்கங்க" என்றார். நான் பெல்ட்டைக் கையில் எடுத்தேன். மாமனார் அதை வாங்கி ஓரமாகப் போட்டார்.

"இதென்னங்க, பாவாடை நாடா கணக்கா" என்றவர், விற்றவரைப் பார்த்துச் சிரித்தார். "எங்க மாப்ளைக்கு ஸ்டேரிங் புடிக்கத் தெரியுமுங்க. கட்டுற வேலைக்கு அவரு சரிப்பட மாட்டாருங்க."

அங்கே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

நைலான் கயிற்றை சீட்டுக்கு மேலே போட்டு முன்பலகைக்கு இழுத்துக் கட்டினார். முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கல் வைத்தார். நீளம் இடிக்கிறது என்று டிரெய்லரின் பின்கதவை மூடாமல் தழைத்தே விட்டுவிட்டார். நியூட்ரலில் தள்ளி ஏற்றிய வண்டி நியூட்ரலிலேயே நின்றது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாற்பது வருடமாக அவர் கட்டியதெல்லாம் மலையிலிருந்து இறங்குகிற சுமை. இறங்குகிற சுமை முன்னால்தான் சாயும். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் ஆகாது. இது ஏறுகிற சுமை. கட்டினவர் பின்னால்தான் வருவார், கூடவே என் மனைவியும் வருவாள்.

அது எனக்கு அப்போதே உறைத்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் பத்து வளைவுகளில் ஒன்றும் ஆகவில்லை. தூறல் விட்டிருந்தது. பனி எங்கேயோ மேலே நின்றது. வளைவுச் சுவர்களில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் குரங்குகளில் ஒன்றையும் அன்று காணோம். வலதுபக்கக் கண்ணாடியில் மொபெட் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வளைவில் அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.

பதினெட்டாவது வளைவில் டிரெய்லர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதிலிருந்து பின்னால் ஒரு சத்தம் ஆரம்பித்தது. டொக், டொக் என்று இரும்புப் பலகையில் எதுவோ தட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். மூட்டை குலுங்கினால் படியும். இந்த வண்டியோ ஸ்பிரிங்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் கயிறு தொய்ந்து தொய்ந்து இழுபட்டது. பின்சக்கரம் பலகையின் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளேதான் இருந்தது.

கயிறு தொய்வதை மாமனாரும் பார்த்துவிட்டார். பார்த்தவர் தள்ளிப் போகவில்லை, கட்டைக் கவனிக்க இன்னும் கிட்டே வந்தார். அதுதானே அவர் பழக்கம்.

இருபதாவது வளைவில் அகலமான இடம் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். இப்போதும் என்னைக் கூசவைப்பது அந்த இடம்தான். கொஞ்சம் சரியட்டும் என்று நினைத்தேன். அவர் கண் முன்னாலேயே ஒரு முழம் சரிந்து, அவராகவே ஹாரன் அடித்து, நிறுத்துங்க மாப்ளை என்று கேட்கட்டும். அந்த ஒரு வார்த்தைக்காக ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

இருபத்திரண்டில் மேலேயிருந்து பஸ் வந்துவிட்டது. ஏற்றத்திலேயே நின்று வழிவிட வேண்டியதாயிற்று. பஸ் கடந்ததும் கிளட்சை விட்டேன். ஜீப் ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பியது. டொக் சத்தம் நின்றுபோனது. கண்ணாடியில் வண்டி இல்லை. மொபெட்டும் இல்லை.

இறங்கி ஓடினேன். ஏ.டி.வி. சுவரில் மோதி ஒருக்களித்துக் கிடந்தது. அதற்கு அடியில் மொபெட் நசுங்கிக் கிடந்தது. மாமனார் ரோட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்திருந்தார். எதிர்ப்பக்கம் அவள் நின்றாள், முழுசாக. ஏற்றத்தில் இரண்டு பேரோடு மொபெட் கிளம்பாது என்று அவள் அப்போதுதான் இறங்கியிருக்கிறாள். இறங்காமல் இருந்திருந்தால் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

"கட்டு என்னுதுங்க மாப்ளை. தப்பும் என்னுதுதானுங்க" என்றார் மாமனார். அதற்காகத்தானே ஏங்கினேன். கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்தேன். அவரைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்தேன்.

அவள் என் பக்கத்தில் வந்து, அவருக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "ஏனுங்க, கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான வந்தீங்க?"

"பனிக்குள்ள ஒண்ணும் தெரியல" என்றேன்.

அவள் ரோட்டை மேலும் கீழும் பார்த்தாள். அடிவாரம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. பிறகு போய் ஜீப்பில் ஏறினாள். வாந்தி வந்தாலும் பரவாயில்லை என்று இப்போதெல்லாம் ஜீப்பில் முன்சீட்டில்தான் வருகிறாள். நான் கண்ணாடியைப் பார்க்கும்போது அவள் என்னைப் பார்க்கிறாள்.