திட்டிய வாயே அழைக்கட்டும்

போன வாரம் திடீரென்று எனக்கு மூச்சு அடைத்தது. சாவு வந்துவிட்டதென்று முடிவுகட்டி, பீரோ சாவி இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லப் போனேன். அந்தச் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். காரைக்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார். அந்த வாசனை, சிறுவயதில் அப்பா இப்படி மூச்சுத் திணறி விழுந்த நாளுக்கு என்னை இழுத்துப் போனது.

அன்று பெரியப்பா, "வாயுதான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலை மறித்து நின்று அப்பா வாயில் சோடா ஊற்றினார். அங்கிருந்த நர்ஸம்மா அவரைத் தள்ளிவிட்டு, ஸ்பிரிட் தேய்த்து ஊசி போட்டார். அப்பாவுக்கு மூச்சு திரும்பியது. பெரியப்பாவோ, "ஆம்பளையைத் தள்ளுறீகளா?" என்று அந்த அம்மாவைக் கண்டபடி திட்டினார்.

அப்பா பிழைத்ததற்கு அந்தோணியாருக்குப் பூசை வைத்து, வீட்டில் அசன விருந்து போட்டோம். பந்தியில் பெரியப்பா, "அந்தோணியாரும் என் சோடாவுந்தான் காப்பாத்துச்சு" என்றார்.

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தோணியார் அனுப்புன நர்ஸுப் பிள்ளையைத்தான் நீங்க வஞ்சீக. அது வந்து உக்காராம இங்க ஒருத்தருக்கும் சோறு கிடையாது."

"யாரு போய்க் கூப்பிடுறது?"

"வஞ்ச வாய்தான் கூப்பிடணும்."

பெரியப்பா சைக்கிளை எடுத்தார்.

இங்கே காரைக்குடியில், கூட வந்திருந்த என் மச்சான், எனக்கு ஊசி போட்ட நர்ஸம்மாவிடம், "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று எகிறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கத்தினேன்.

"மச்சான், இவுகளுக்குக் கும்பிடு போட்டுட்டு வெளிய போங்க. செத்தா இவுக கையில நிம்மதியாச் சாகுறேன்."

"நீங்க சாகலை சார்" என்றார் நர்ஸம்மா. "மாஸ்க்கை மாட்டுங்க. அவுகளை விட நீங்கதான் சத்தம் போடுறீக."