வெள்ளிக்கிழமை ஒருசந்தியும் நான் எடுத்துவிட்ட ஒரு வரியும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒருசந்தி உண்டு. ஒரு வேளைதான் சாப்பாடு, அதிலும் கறி மீன் கிடையாது. போன தவக்காலத்தில் நான் இன்னொன்றையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஏஐயிடம் புரோகிராம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில்லை.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மலையில் பறித்த ஏலக்காயை ஸ்டோர் என்கிற அறையில் பரப்பி, சூடு ஏற்றி ஒரு நாள் போலக் காய வைப்பார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தச் சூட்டைப் பார்த்து கேஸ் அடுப்பை எரித்து அணைக்கிற சின்னப் பெட்டியை நான் செய்து கொடுக்கிறேன். அதற்குள் ஓடும் புரோகிராமும் என்னுடையதுதான். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கம்பத்தில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ். மீதியெல்லாம் தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்றது. ஆண்டவர் கொடுத்த கை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏஐ வந்த பிறகு மூன்று நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். கண் எரிச்சல் குறைந்தது, ஞாயிறு பூசைக்கு நேரத்துக்குப் போக முடிந்தது. ஆனால் ஒரு மழை நாளில் நெட் போய்விட்டது. திரையில் சூட்டின் எண்ணைக் காட்டுகிற நாலு வரிதான் எழுத வேண்டும். நூறு தடவை எழுதியது. வரவில்லை. பழகிய செபம் பாதியில் மறந்துபோனவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயத்தில் வைத்த ஒருசந்திதான் இது.

என் மனைவிக்குச் சிரிப்பு. "எல்லாரும் கறியத்தான் விடுவாக. நீங்க மூளைய விடுறீகளாக்கும்?"

"விடலம்மா. திரும்ப எடுக்குறேன்."

"அரைப் பட்டினில என்னத்த எடுப்பீகளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

தவக்காலம் முழுக்கக் கடைப்பிடித்தேன். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகும் விடக்கூடாது என்று இருந்தேன். ஆனால் அலுப்பு ஒருநாளில் வருவதில்லை. இந்த வாரம் அவசரம், ஒரே ஒரு கேள்விதானே என்று ஆரம்பித்தது. ஒருசந்தி இருக்கிறவன் உப்புப் பார்க்கிறேன் என்று குழம்புச் சட்டியையே வழித்துத் தின்ற மாதிரி ஆகிவிட்டது. அப்படியொரு வெள்ளிக்கிழமைதான், என் பழைய புரோகிராமை மொத்தமாக ஏஐயிடம் கொடுத்து, அலங்கோலமாக இருக்கிறது, சுத்தப்படுத்து என்றேன். சுத்தப்படுத்தியது. எதையெல்லாம் எடுத்தேன் என்று கீழே பட்டியலும் கொடுத்தது. நான் படிக்கவில்லை. மேகமலைப் பக்கம் நாலு ஸ்டோர்களுக்கு அதை ஏற்றிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை, அந்த நாலில் ஒரு ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கூப்பிட்டார். சிக்னல் கிடைக்கிற வளைவு வரைக்கும் நடந்து வந்து பேசியதால் மூச்சு வாங்கியது.

"தம்பி, ஸ்டோருக்குள்ள காலு வைக்க முடியல, அப்படிக் கொதிக்குது. பெட்டில மைனஸ் நூத்தி இருபத்தேழுனு காட்டுது. காஷ்மீர்லகூட அம்புட்டுக் குளுரு இருக்காதே!"

"கேஸ அடைச்சிட்டீகளாண்ணே?"

"அடைச்சிட்டேன். உள்ள கெடந்த காயெல்லாம் மஞ்சளாப் போச்சு. நேத்துப் பறிச்சது ஆறு சாக்கு வெளிய கெடக்கு. சாயங்காலத்துக்குள்ள உள்ள போகலேன்னா அவிஞ்சிரும். ராத்திரி பூரா உக்காந்து கையால ஏத்தி அணைக்க எனக்கு ஒடம்பு இல்ல தம்பி."

அந்த எண்ணைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. சூடு பார்க்கிற வயர் அறுந்தால் அந்த எண்தான் வரும். பெட்டி அதைக் கடும் குளிர் என்று நினைத்து அடுப்பை எரித்துக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் இதே தப்பில் ஒருவருடைய காய் முழுக்கக் கருகிப்போய், அன்றைக்கே ஒரு வரி எழுதினேன்: பூச்சியத்துக்குக் கீழே போனால் அடுப்பை அணை. ஏன் என்று பக்கத்தில் எழுதி வைக்கவில்லை.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் கம்பம் வந்து, அங்கிருந்து சின்னமனூர் போகிற வழியில் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏழாவதாக இருந்தது. 'இந்த நிபந்தனை தேவையற்றதாகத் தெரிகிறது, நீக்கியிருக்கிறேன். காரணம் இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும்.' பணிவாகத்தான் கேட்டிருந்தது. பஸ்ஸிலேயே அதனிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். சிக்னல் இருந்த அந்த நேரமெல்லாம் வெட்கத்திலேயே போய்விட்டது. சின்னமனூரில் ஜீப் ஏறி மலைக்குள் போனதும் சிக்னலும் போய்விட்டது.

வயரை எலி கடித்திருந்தது. புது வயர் போட்டேன். அன்றைக்கு அது போதும்தான். ஆனால் மலையில் எலி ஒன்றா இரண்டா? பெட்டியில் கேபிளைச் சொருகி, மடியில் லேப்டாப்பை வைத்து எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை எழுதி, சோதிக்க வயரைப் பிடுங்கினேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டாவது தடவை பெட்டியின் எச்சரிக்கை மணி மட்டும் அடித்தது. நான் ஒரு வரியில் அணைத்ததை அடுத்த வரி திரும்ப ஏற்றிவிட்டது. எந்த வரியை எதற்கு முன்னால் வைப்பது என்றுகூடத் தடுமாறினேன். கழுத்து வலித்தது.

அண்ணன் டம்ளரை நீட்டினார். "முந்தியெல்லாம் டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவீக. இது மூணாவது டீ."

"கை துருப்பிடிச்சுப் போச்சுண்ணே."

"தேங்காண்ணெ போடட்டா?"

சிரிக்கத் தெம்பில்லை. மூன்றாவது தடவை, சூட்டுக் கணக்கையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, வயர் நல்லா இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாக வைத்தேன். வயரைப் பிடுங்கினேன். அடுப்பு அணைந்தது. மணி அடித்தது. திரும்பச் சொருகினேன், எரிந்தது. நாலு மணிக்கு ஆறு சாக்குக் காயும் உள்ளே போனது. சிலுவை போட்டுக்கொண்டேன், வாயில் செபம் வரவில்லை.

"எலி பண்ண வேல பாருங்க தம்பி," என்றார் அண்ணன், மஞ்சளாய்ப் போன காயைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டு.

அப்படியே விட்டிருக்கலாம். "எலி மட்டுமில்லண்ணே. வயரு அறுந்தா அணைக்கிற வரி ஒண்ணு முன்னாடி இருந்துச்சு. நாந்தேன் பாக்காம எடுத்துட்டேன்."

அவர் காயைத் தட்டில் திரும்பப் போட்டார். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப அந்த மத்த மூணு ஸ்டோரு?" என்றார்.

இறங்கும்போது, சிக்னல் வந்த முதல் வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி மற்ற மூன்று ஸ்டோர்க்காரர்களையும் கூப்பிட்டேன்; அவர்கள் பக்கம் சிக்னல் உண்டு. பெட்டியை நம்பாதீர்கள், நான் வந்து சரிசெய்கிற வரைக்கும் அடுப்புப் பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றேன். இரண்டு பேர் முனகிவிட்டுச் சரி என்றார்கள். மூன்றாமவர் மட்டும் கேட்டார்.

"நீங்க எடுத்தீகளா, இல்ல அந்த ஏஐ எடுத்துச்சா?"

"நாந்தேன்."

"சரி, வெரசா வாங்க. அதுவரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

வியாழக்கிழமை ஒரு ஸ்டோர், வெள்ளிக்கிழமை இரண்டு. தவக்காலம் இல்லைதான், இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை ஒரு வேளைச் சாப்பாட்டோடுதான் மலை ஏறினேன். ஏஐயைக் கேட்கவில்லை. சனிக்கிழமை திரும்பவும் கேட்டேன், இனியும் கேட்பேன். அது கொடுப்பதை வரி வரியாக வாசிக்கிறேன், அதனால் வேலை மெதுவாகத்தான் போகிறது. அந்த ஒரு வரிக்கு மேலே இப்போது தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: வயர் அறுந்தால் மைனஸ் வரும், அடுப்பு நிற்காது, இரண்டு பேருடைய காய் போயிருக்கிறது, இதை எடுக்காதே.

ஏஐக்காக எழுதியது இல்லை. எனக்காகத்தான்.