ஞாயிறு மதியத்து ‘ஓடுமோ ஓடாதோ’

கார் எஞ்சினின் சத்தம் கைத்தொலைபேசிக்குள் நுழைந்து, வானொலி நிலையத்தைக் கடந்து, நோர்பரியில் எங்கள் வீட்டுச் சமையலறை வானொலிப் பெட்டியில் வந்து விழும்போது, அது எஞ்சின் சத்தமாகவே இருக்காது. சளி பிடித்த ஒருவர் போர்வைக்குள் கிடந்து இருமுவதைப் போலத்தான் கேட்கும். அந்த இருமல் தொடங்கியதும் அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிடுவார். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வானொலிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவேன். அடுத்துப் பேசப்போவது என் அப்பா.

அப்போது எனக்குப் பதினொரு வயது. லண்டனில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு மரக்கறிக் கடையின் மேல்மாடியில் இயங்கிய சின்னத் தமிழ் வானொலி ஒன்றில், ஞாயிறுதோறும் மதியம் பன்னிரண்டு தொடக்கம் ஒரு மணிவரை ‘ஓடுமோ ஓடாதோ’ என்றொரு நிகழ்ச்சி நடந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்களும் அதற்குத் தொலைபேசி எடுப்பார்கள். சிலர் பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடிப்பார்கள். அப்பா கேட்டுவிட்டு நோய் சொல்லுவார். அப்பா கராஜில் மெக்கானிக்காக இருந்தவர், வானொலியில் ‘சிவம் அண்ணை’. அவரோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தியவர் அல்பிரட் மாமா. மன்னார்க்காரர், பஸ் ஓட்டுநர், ஞாயிறு தேவாலயத்தில் காலைப் பூசை முடித்துக் கோட்டும் சூட்டுமாக நேரே நிலையத்துக்கு வருகிறவர். அப்பாவுக்குக் காரைத் தெரியும், அல்பிரட் மாமாவுக்குச் சனத்தைத் தெரியும் என்று அம்மா சொல்லுவார்.

“அண்ணை, கார் நல்ல கார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும்தான் ஓடினதாம்,” என்று ஒருவர் தொடங்குவார்.

“தம்பி, லண்டனிலை விக்கிற பழைய கார் எல்லாத்தையும் அந்த ஒரு கிழவிதான் ஓடியிருக்கிறா. பாவம், அவவுக்கு நித்திரையே இல்லை,” என்பார் அல்பிரட் மாமா.

லூயிஷாமிலிருந்து இன்னொருவர், தான் வாங்கிய காருக்குள் மீன் மணம் போகவே இல்லை, முந்தி வைத்திருந்தவன் மீன் வியாபாரி போலிருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். இரண்டு தேசிக்காயை வெட்டி இருக்கைக்குக் கீழே வைக்கும்படி அப்பா நிதானமாகச் சொன்னார். “அதோடை கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டால், காரை விக்கேக்கை சொதியோடையே குடுக்கலாம்,” என்றார் அல்பிரட் மாமா. அதற்குப் பிறகு வானொலிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு எங்கள் வீட்டை நிறைத்தது. அப்பாதான் சிரித்தார். மூச்சு அடைபட்டு, மேசையில் தட்டி, ஒரு வார்த்தையும் பேச முடியாமல் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் வானொலியில் மட்டும்தான் அறிந்திருந்தேன். வீட்டுக்கு வருகிற அப்பா வேறொருவர். விரல் இடுக்கில் ஒயில் கறுப்போடு வந்து, சாப்பிட்டு, செய்தி பார்த்து, கதிரையிலேயே கண் அயர்ந்து போகிற மனிதர். ஊரில் இருந்த தன் தம்பியைப் பற்றியோ, அவர் எப்படிக் காணாமற் போனார் என்பதைப் பற்றியோ ஒரு நாளும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் எனக்கு வேறோர் அப்பா கிடைத்தார். பள்ளிக்கூடத்தில் என் தமிழ்ச் சிநேகிதிகள், “யுவர் டாட் இஸ் சோ ஃபன்னி” என்பார்கள். நான் ஓம் என்று தலையாட்டுவேன். எனக்குள் அவ்வளவு பெருமை.

குளிர் விடத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு. நிகழ்ச்சி முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது மனோர் பார்க்கிலிருந்து ஒரு பெண் எடுத்தார். பெயர் வசந்தி. இரண்டு வயதில் பிள்ளை இருக்கிறதாம், போன மாதம்தான் கார் வாங்கினார்களாம், இடப்பக்கம் திருப்பும்போது முன்னுக்கு ஒரு சத்தம் வருகிறதாம். அவர் காருக்குள் இருந்தே பேசினார். கணவர் ரவி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்து தொலைபேசியை வெளியே நீட்டினார் போல, காற்று இரைந்தது. நடுவில் ‘டொக், டொக்’ என்று ஒன்று கேட்டது. யாரோ கதவில் ஒற்றை விரலால் தட்டுவதைப் போல.

“கேக்குதோ அண்ணை?”

“கேக்குது தங்கச்சி. காருக்குள்ளை ஆரார் இருக்கிறியள்?”

“நானும் இவரும்தான்.”

“அப்ப ஒரு வேலை செய்யுங்கோ. மனுசனை இறக்கி விட்டுட்டு ஓடிப் பாருங்கோ, சத்தம் நிண்டிடும்.”

இதை அல்பிரட் மாமா சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் நினைவிருந்திருக்குமோ தெரியாது. சொன்னவர் அப்பா. அவர் முந்திக்கொண்டு பகிடி விடுவது அபூர்வம். அல்பிரட் மாமாவே ஒரு கணம் திகைத்துப்போய்ப் பிறகு வெடித்துச் சிரித்தார். தொலைபேசியில் அந்த ரவியும் சிரிப்பது கேட்டது. அம்மா கண்ணீர் வரச் சிரித்தார், வெங்காயமும் சேர்ந்துகொண்டது. நானும் மேசையில் விழுந்து சிரித்தேன். எங்கள் சிரிப்புக்குள் நிகழ்ச்சியின் முடிவு இசை தொடங்கிவிட்டது. இசைக்குக் கீழே அப்பா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, ரவி வேலைக்குப் போகிற வழியில், பெருந்தெருவில் அந்தக் காரின் முன்சில்லு டயரோடு கழன்று ஓடியது. கார் தடுப்பில் மோதியது. அவர் அங்கேயே முடிந்துபோனார்.

வியாழக்கிழமை அல்பிரட் மாமா எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, ஏற்கெனவே கழுவிய கைகளைத் திரும்பவும் கழுவத் தொடங்கினார். தண்ணீரை நிறுத்தாமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை, நீ கேட்டுக்கொண்டுதானே இருந்தனீ? கடைசியிலை நான் சொன்னனான்தானே? காரை ஓடாதேங்கோ, கராஜுக்குக் கொண்டுவாங்கோ எண்டு சொன்னனான்தானே?”

“ஓம் அப்பா,” என்றேன்.

“கேட்டதோ உனக்கு?”

“ஓம். வடிவாக் கேட்டது.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

செத்தவீட்டுக்கு அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்துக்குள் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பூப் போட்டார்கள். அப்பா வாசலிலேயே நின்றார். அல்பிரட் மாமா தோளில் கைவைத்து உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. வசந்தி அக்காவை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட மிகவும் சின்னவர். மடியில் பிள்ளை படுத்திருந்தது. அப்பா அவர் முன்னால் போய், “தங்கச்சி, நான்தான் சிவம்” என்றார்.

வசந்தி அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணை, நீங்கள் சொன்ன பகிடியை அவர் மூண்டு நாளாச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். வேலைக்கு வெளிக்கிடேக்கையும், ‘நான் இறங்கட்டோ, சத்தம் நிக்குமோ’ எண்டு கேட்டிட்டுத்தான் போனவர்.”

அதில் பழி இருக்கவில்லை. கடைசியாகச் சிரித்த மனிதரைப் பற்றி, அவரைச் சிரிக்க வைத்தவரிடம் சொன்னார், அவ்வளவுதான். பழி சொல்லியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அப்பா நிலையத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அல்பிரட் மாமா வீட்டுக்கு வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல், கதிரை நுனியில் இருந்தார்.

“சிவம், நீ வேணுமெண்டு செய்யேல்லை. சனம் தொலைபேசி எடுத்து உன்னைத்தான் கேக்குது. எங்கட சனத்துக்குச் சிரிக்கிறதுக்கு வேறை என்ன கிடக்கு?”

“நீ செய், அல்பிரட். எனக்கு இனி ஏலாது.”

அல்பிரட் மாமா தனியாக மூன்று வாரம் நடத்திப் பார்த்தார். பகிடி விட்டுவிட்டு, சிரிப்பதற்கு யாரும் இல்லாமல், ஒரு கணம் காத்திருப்பார். அந்த இடைவெளி வானொலியில் மிக நீளமாகக் கேட்கும். நாலாம் வாரம் அந்த நேரத்தில் பாட்டுப் போட்டார்கள். சில மாதம் கழித்து அப்பா நிலையத்துக்குப் போய், அன்றைய நிகழ்ச்சியின் பதிவைக் கேட்டுப் பார்க்கலாமா என்று விசாரித்தாராம். அந்த நாடாவில் எப்போதோ பக்திப் பாடல்கள் பதிந்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து வசந்தி அக்கா எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பிள்ளையை விட்டுவிட்டுப் போய்வர பஸ் ஒத்துவரவில்லை, கார் ஓடப் பழகிவிட்டேன், “ஒரு பழைய கார் பாத்துத் தாங்கோ அண்ணை, உங்களைத் தவிர வேறை ஆரிட்டையும் கேக்க மனமில்லை” என்றார். அப்பா நாலு சனிக்கிழமை அலைந்து, பதினேழு காருக்குக் கீழே படுத்தெழும்பி, ஒரு வெள்ளி நிறக் கார் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூன்று மாதமும் மனோர் பார்க்குக்குப் போய், அவர் வீட்டு வாசலில் காரை உயர்த்தி, சில்லுச் சில்லாக ஆட்டிப் பார்த்து, தேநீரைத் தெருவிலேயே நின்று குடித்துவிட்டு வருவார். கார்கள் மாறின. பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போனாள். அப்பா ஒருநாளும் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

போன ஐப்பசியில் வசந்தி அக்கா என்னை அழைத்தார். காரை விற்றுவிட்டாராம், பக்கத்திலேயே ரயில் இருக்கிறது, மகளும் சம்பாதிக்கிறாள், இனி எதற்குக் கார். “அண்ணையைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாரும். இனி வெளியிலை நிக்கிறதுக்கு அவருக்கு ஒரு சாட்டும் இல்லை.”

அப்பாவுக்கு இப்போது குனிய முடியாது, வலக்கை நடுங்குகிறது. நான்தான் காரை ஓட்டிப் போனேன். ரவியின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் இருந்தார். பிறகு இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்காததைக் கேட்டார்.

“தங்கச்சி, அண்டைக்குக் கடைசியா நான் என்ன சொன்னனான் எண்டு உமக்கு ஞாபகம் இருக்கோ?”

வசந்தி அக்கா கையில் இருந்த கரண்டியை வைத்தார்.

“ஓம் அண்ணை. கராஜுக்குக் கொண்டுவாங்கோ எண்டு சொன்னனீங்கள். அவருக்குத்தான் வேலையிலை லீவு கிடைக்கேல்லை. சனிக்கிழமை கொண்டுவாறதெண்டு இருந்தவர்.”

அப்பா இடக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வசந்தி அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். சமையலறையில் அம்மா அன்று பார்த்த அதே பார்வை என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது.

திரும்பி வரும்போது வானொலி நிலையம் இருந்த தெருவால் வந்தோம். மரக்கறிக் கடை நகம் அழகுபடுத்தும் கடையாகிவிட்டது. மேல்மாடி ஜன்னலில் யாருடையவோ உடுப்புகள் காய்ந்தன. அல்பிரட் மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருடம்; அவருடைய இறுதிப் பூசையிலும் அப்பா கடைசி வரிசையில்தான் இருந்தார். அம்மாவும் இல்லை. இப்போது கார் வாங்குகிறவர்கள் இலக்கத் தகட்டைத் தொலைபேசியில் தட்டி அதன் சரித்திரம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு மனிதர் கேட்டுச் சொல்லட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அப்பா சிரித்த ஒரு நொடிகூட எங்கும் பதிவில் இல்லை.

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

“நீயும் அப்பிடித்தானே கேட்டனீ, பிள்ளை?” என்றார் அப்பா, தெருவைப் பார்த்தபடி.

“ஓம் அப்பா.”

பதினொரு வயதில் அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை தெரியவில்லை.